ஒரு கிளாவருக்குப் பின், பதினொன்றாம் பக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் பிரிட்ஜ் சீட்டு ஆடத் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். ஏரிக்கு ஓவர்சியராக இருந்த நான், மாட்டு டாக்டர், சப் ரிஜிஸ்டிரார், ஹெட்மாஸ்டர். ஐந்தாவது ஆள் கிடையாது என்பதால் எங்களில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. ஞாயிறு மத்தியானம் மாட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஜை போடுவோம். நானும் டாக்டரும் ஒரு ஜோடி, மற்ற இருவரும் எதிர் ஜோடி. ஜோடி சேர்ந்தவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும்.

ஒழுங்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். காஞ்சிபுரத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை என் கையில் சிக்கியதும் சனி பிடித்தது. அதில் ஒரு புது ஏல முறை போட்டிருந்தது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் எண்ணிக் கையில் பதினாறு பாயிண்டு தேறினால் 'ஒரு கிளாவர்' என்று ஏலத்தை ஆரம்பிக்க வேண்டும். கிளாவர் சீட்டே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'என் கை பலமான கை' என்று பார்ட்னருக்குச் சொல்கிற சங்கேதம் அது. பார்ட்னரிடம் சரக்கு இல்லையென்றால் 'ஒரு டைமன்' என்று பதில் சொல்ல வேண்டும். சரி, அப்புறம்? அப்புறம் உள்ள பக்கங்களைக் கடைக்காரன் கிழித்துப் பொட்டலம் கட்டிவிட்டான்.

விடுவேனா? மதகிலிருந்து கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோகத் தெரிந்தவனுக்கு ஒரு கிளாவருக்கு மேலே வழி போடத் தெரியாதா? நானே எழுதினேன். அவர் இதைச் சொன்னால் நான் அதைச் சொல்ல வேண்டும், நான் அதைச் சொன்னால் அவர் வேறொன்றைச் சொல்ல வேண்டும் என்று ஆறு மாதத்தில் நாற்பது பக்கம். எனக்கு உயிரானது பதினொன்றாம் பக்கம். ஒரு கிளாவர், ஒரு டைமன் ஆனபிறகு நான் 'ஒரு ஆட்டின்' என்றால் என்னிடம் ஆட்டின் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இருபதுக்கு மேல் வைத்திருக்கிறேன், பாஸ் சொல்லித் தொலைக்காதே, கண்ணை மூடிக்கொண்டு 'ஒரு இஸ்பேட்' சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து டாக்டரிடம் கொடுப்பேன். அவர் அதை ஆஸ்பத்திரிச் சுவரில் கஞ்சி தடவி ஒட்டிவைத்து, மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே மனப்பாடம் பண்ணுவார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒண்டிக்கட்டையாகக் கிடந்த எனக்கு, நான் பேசுவதை உட்கார்ந்து கேட்க அந்த மனுஷன் ஒருவர்தான் இருந்தார்.

அதில்தான் சப் ரிஜிஸ்டிரார் கண்ணை வைத்தார்.

"ஓவர்சியர் சார், உங்க நாப்பது பக்கமும் வேலை செய்யுதான்னு வர ஞாயித்துக்கெழம பாத்துடலாம். தோத்துட்டா டாக்டர் என் பக்கம் வந்துடணும். ஹெட்மாஸ்டர நீங்க வெச்சுக்குங்க."

ஹெட்மாஸ்டர் தங்கமான மனிதர்தான். ஆனால் ஒரு சீட்டுப் போட்டதும் தூங்கிவிடுவார், அடுத்த சீட்டுக்கு எழுப்ப வேண்டும். இருந்தாலும் வீறாப்பாகத் தலையை ஆட்டினேன்.

அந்த ஞாயிறு கடைசி ஆட்டம் வரை சரிக்குச் சரி. கடைசிச் சீட்டைப் பிரித்துப் பார்க்கிறேன், இருபத்திரண்டு பாயிண்டு! ஆட்டின் இரண்டே இரண்டு. "ஒரு கிளாவர்" என்றேன். டாக்டர் "ஒரு டைமன்" என்றார். ஆகா, பதினொன்றாம் பக்கம்! கம்பீரமாக "ஒரு ஆட்டின்" என்றேன்.

டாக்டர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "பாஸ்" என்றார்.

அவரிடம் இருந்தது ஒற்றை ஆட்டின். மீதிப் பத்தும் எதிராளிகளிடம். ஏலம் அங்கேயே நின்றுவிட்டதால் அந்த ஆட்டினைத் துருப்பாக வைத்து நான் ஆடியாக வேண்டும். ஏழு பிடி எடுக்க வேண்டியவன் மூன்று எடுத்தேன். ஹெட்மாஸ்டர்கூட அன்றைக்குத் தூங்கவில்லை.

"ஏன்யா பாஸ் சொன்னே? பதினொன்னாம் பக்கத்துத் தாள்ல என்ன எழுதி ஒட்டியிருக்கு?" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயி சிவப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சுவரில் வெறுமையாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார்.

"அந்தத் தாளுக்கா இம்மாம் சண்ட? செவுத்துல கஞ்சி தடவி வெச்சா மாடு சும்மா இருக்குமா? போன மாசம் இதான் நக்கிக்கினு இருந்திச்சி. நான் இழுக்கறதுக்குள்ள துன்னுட்ச்சி. ஐயாதான் யாராண்டயும் சொல்லாதன்னாரு."

நான் டாக்டரைப் பார்த்தேன்.

"போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுபடியும் எழுதிக் குடுத்திருப்பேனே!"

"அதுக்குத்தான் சார் சொல்லல" என்றார் டாக்டர். "எழுதறப்போ இன்னும் நாலு பக்கம் சேத்துடுவீங்க."

எனக்கு வந்த கோபத்தில் பசு ஒதுங்கி நின்றது. இரவே பதினொன்றாம் பக்கத்தைத் திரும்ப எழுதி, ஒரு வரிகூடச் சேர்க்காமல், அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. தோற்றது தோற்றதுதானே. அந்த வாரம் முழுக்க ஏரிக்கரையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டர் சப் ரிஜிஸ்டிராருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எனக்கு எதிரே ஹெட்மாஸ்டர், ஏற்கெனவே கண் சொருகிய நிலையில். டாக்டர் சீட்டை விசிறியாக விரித்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு கிளாவர்."

அடுத்த முறை என்னுடையது. என் கையில் ஐந்தே பாயிண்டு. ஆறு மாதப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒரு டைமன்."

சப் ரிஜிஸ்டிரார் விழித்தபடி பாஸ் சொன்னார். ஹெட்மாஸ்டர் தூக்கத்திலேயே பாஸ் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, "ஒரு ஆட்டின்" என்றார்.

"ஒரு இஸ்பேட்" என்றேன்.

பாஸ். பாஸ்.

"ஒரு நோ டிரம்ப்" என்றார் டாக்டர். துருப்பே வேண்டாம் என்கிற ஏலம். எழுத்துப் பிசகாமல் பதினொன்றாம் பக்கம். படித்திருக்கிறார்!

சப் ரிஜிஸ்டிரார் சீட்டை மேஜைமேல் வீசினார். "யோவ், யாருக்கு யாருய்யா பார்ட்னர்?"

டாக்டர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹெட்மாஸ்டரைத் தட்டி எழுப்பி, "சார், அது என் எடம்" என்றார்.