பூசாத சுவர்

விற்கிறவரே வீட்டின் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டியதுதான் இசக்கிசெல்விக்குப் பிடிக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்கு வந்து இருபது வருஷமாகச் சுவருக்குப் புட்டி பூசுகிறவள் அவள். மட்டாஞ்சேரியில் விலைக்கு வந்த எத்தனையோ பழைய வீடுகளில் விரிசலை அடைத்து, ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிக் கொடுத்த கை. வீட்டை விற்கிற இந்த யூசுப் இக்கா ஒரு சுவரைக்கூடத் தொடவில்லை.

"இந்த மூலையில ஒழுகும். கிணத்துத் தண்ணி உப்பு. வேலியேற்றம் வந்தா, கடல் பொங்குற நேரம், காயல் வாசப்படி வரைக்கும் ஏறும். இருக்கிறபடியே எடுத்துக்கணும், சேச்சி," என்றார்.

இவ்வளவையும் சொல்கிற மனுஷன் எதைச் சொல்லாமல் விட்டான்? மழையில் ஒரு தடவை, காயல் ஏறும்போது ஒரு தடவை வந்து பார்த்தாள். அலமாரியை நகர்த்தச் சொன்னாள். சாவியால் சுவர் முழுக்கத் தட்டினாள். பக்கத்து வீட்டில் விசாரித்தாள். ஒன்றும் அகப்படவில்லை, சந்தேகம்தான் இன்னும் வலுத்தது. கையிலிருந்த காசுக்கு வேறு வீடு அமையாததால் வாங்கிப்போட்டாள்.

குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. சொன்ன மூலையில்தான் ஒழுகுகிறது. சொன்ன படி வரைதான் தண்ணீர் வருகிறது.

"பொங்கலுக்கு நாமளே பூசி பெயிண்ட் அடிச்சிருவோமா?" என்று கேட்டான் புருஷன் சங்கிலிப்பாண்டி. "ஊர் வீட்டுக்கெல்லாம் பூசுற."

சுவரில் சாவியால் தட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "பூசிட்டா அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்?"