கிணற்றுக்காரரின் தொண்ணூறாவது நாள்

இடது கை மர அளவுகோலைக் கிரயப் பத்திரத்தின் ஒரு வரிக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை அந்த வரியைத் தட்டச்சு செய்தது. வரி முடிந்ததும் அளவுகோல் ஒரு வரி கீழே இறங்கியது. தட்டச்சாகிக்கொண்டிருந்த காகிதத்துக்குத் தெரு முகவரி போதாது. மனை எண், எல்லை, அடிக்கணக்கு எல்லாம் வேண்டும்.

கைகள் வெர்னா ஸ்லூட்டருடையவை. எங்கள் மிஷிகன் ஏரிக்கரை ஊர்களில் கூரை போடுகிறவர்களும் குழாய் வேலைக்காரர்களும் கூலி வராமல் நின்றால் அவளிடம்தான் போவார்கள். அவள் பற்றுரிமைப் பத்திரம் எழுதித் தருவாள். கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் அது கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பதிவகத்தில் ஏறிவிட்டால், வேலை செய்தவரின் பாக்கியைத் தீர்க்காமல் அந்த வீட்டைச் சிக்கலின்றி விற்க முடியாது. வெர்னா சட்டம் படித்தவள் அல்ல. பதிவகம் திருப்பி அனுப்பிய பத்திரங்களை வாங்கி வைத்து, எதற்காகத் திரும்பி வந்தன என்று பார்த்துப் பார்த்துக் கற்றவள்.

அது 1996 அக்டோபர், செவ்வாய்க்கிழமை. கிணறு தோண்டும் டிர்க் காம்ஸ்ட்ரா எதிரே உட்கார்ந்து தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பெல்லமி என்பவரின் ஏரிக்கரை வீட்டில் ஆழ்கிணறு போட்ட வகையில் அவனுக்கு ஆறாயிரத்து எண்ணூறு டாலர் வரவேண்டும். பெல்லமி வெள்ளிக்கிழமை வீட்டை விற்கிறார்.

"கடைசியா அங்க எப்போ வேலை செஞ்சே?" வெர்னா தலை நிமிராமல் கேட்டாள்.

"ஜூலை இருபத்திநாலு. தொண்ணூறு நாள் கெடுவுக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. வியாழக்கிழமை பதிஞ்சாப் போதும். நிதானமா அடிங்க."

"வாயால சொல்றத நான் எழுதறதில்ல. டைரியக் கொடு."

சேறு படிந்த டைரியைப் புரட்டினாள். "இருபத்திநாலாம் தேதி என்ன பண்ணே?"

"கிணத்து மூடி கசிஞ்சுது. போய் முறுக்கிட்டு வந்தேன்."

"மூடி யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்போ உன் தப்ப நீயே சரிபண்ணிருக்கே. அது வேலை நாள்ல சேராது. பம்ப் எறக்குனது எப்போ?"

டிர்க் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினான். "பத்தாந்தேதி."

அவள் சுவர் நாட்காட்டியில் பென்சிலால் எண்ணினாள். ஜூலையில் இருபத்தொன்று, ஆகஸ்டில் முப்பத்தொன்று, செப்டம்பரில் முப்பது. பென்சில் அக்டோபர் எட்டில் போய் நின்றது. இன்றைய தேதி. மணி இரண்டு ஐம்பது. பதிவகம் நாற்பது நிமிடத் தூரம். நாலரைக்குப் பிறகு பத்திரம் வாங்க மாட்டார்கள்.

"இருபத்திநாலுன்னே போட்டு வியாழக்கிழமையே குடுத்துருவோமே," என்றான் டிர்க். "யாருக்குத் தெரியப்போவுது?"

"நீ கையத் தூக்கிச் சத்தியம் பண்ணப்போற. அதுக்குச் சாட்சியா நான் முத்திரை குத்தப்போறேன். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ல?"

அவள் தேதியை அடித்து முடித்ததும் டிர்க் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"உக்காரு. அந்தக் கிரயப் பத்திரத்தச் சத்தமாப் படி. நான் அடிச்சதுல சரிபாக்கறேன்."

"வழியில பாத்துக்கலாமே, வெர்னா."

"தப்பு இருந்தா எங்க வச்சு அடிக்கறது? உன் லாரி மேலயா? படி."

டிர்க் ஒரு காலை ஆட்டிக்கொண்டே படித்தான். "மனை பதினேழு. மனை பதினெட்டில் வடக்குப் பன்னிரண்டு அடியும் சேர்த்து..."

வெர்னாவின் பென்சில் நின்றது. அவள் அடித்த தாளில் மனை பதினெட்டே இல்லை. தேதியைக் கேட்ட நேரத்தில் அளவுகோல் ஒரு வரி தாண்டி இறங்கியிருக்கிறது.

"கிணறு எங்க இருக்கு?"

"அந்தப் பன்னண்டு அடியிலதான். வேலி ஓரமா."

அவள் தாளை உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகினாள். டிர்க் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். இரண்டாம் முறையும் அவனைப் படிக்க வைத்துத்தான் எழுந்தாள். சத்தியம், கையெழுத்து, முத்திரை. மணி மூன்று நாற்பது.

லாரியின் பின்னால் துளைக்குழாய்கள் கடகடத்தன. நெடுஞ்சாலை ஏறுமுன் ஆப்பிள் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது. டிர்க் இரண்டு முறை ஹாரனில் கை வைத்துவிட்டு எடுத்தான்.

"பெல்லமி இனிமே என்னப் பாத்தா பேசுவாரா?"

"பணத்தக் குடுத்தார்னா மறுநாளே விடுவிப்புப் பத்திரம் எழுதித் தாறேன். அதுக்கு உங்கிட்ட கூலி வாங்கமாட்டேன். இப்போ ரோட்டப் பாரு."

பதிவகக் கவுண்டரில் இருந்த ஜோனா 'மூடப்பட்டது' என்ற பலகையை எடுத்துக்கொண்டிருந்தாள். "என்ன வெர்னா, இந்நேரத்துக்கு?"

"மூணு நிமிஷம் இருக்கு, ஜோனா." வெர்னா உறையைத் திறந்து, பத்திரத்தை டிர்க்கிடம் நீட்டினாள். "கிணறு உன்னோடது. நீயே குடு."

டிர்க் கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, தாளின் ஓரத்தைப் பிடித்துக் கவுண்டரின் மேல் தள்ளினான். ஜோனா பலகையைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.