எந்தப் பிடிச் சோறு

அதிர்ஷ்ட எண் தெரியும் என்று விகாரை மரத்துப் பட்டையில் பவுடரைத் தேய்த்து, அதில் தெரிந்த எண்ணையே கம்நோய் வாங்கியும் அவளுடைய லாட்டரிச் சீட்டு மண்ணைக் கவ்வியது. பக்கத்து வீட்டு புவாபன், மிஞ்சிய சீட்டோடு வெயிலில் நின்ற வியாபாரிக்கு இரங்கி ஒன்று வாங்கியிருந்தாள். முதல் பரிசே அவளுக்குத்தான்!

மறுநாள் விடியலில் பிக்குகள் வந்தபோது, புவாபன் வழக்கம்போல மண்டியிட்டுப் பாத்திரத்தில் ஒரு பிடிச் சோறு இட்டாள்.

“இன்னும் எதுக்குடி? அதான் அறுபது லட்சம் பாட் பணம் கொட்டிருச்சே!” என்றாள் கம்நோய்.

“எந்தப் பிடி பழுத்துச்சோ, யாருக்குக்கா தெரியும்? போன பிறவியில போட்டதோ என்னவோ. இன்னிக்குப் போடறது எந்தப் பிறவியில, யாராப் பொறந்து திங்கப்போறேனோ!”

கம்நோய் தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பவுடர் இன்னும் வெள்ளையாக இருந்தது. அந்தக் கையாலேயே சோற்றை அள்ளி பிக்குகள் முன் மண்டியிட்டாள். வேண்டிக்கொள்ள எந்த லாட்டரி எண்ணும் நினைவுக்கு வரவில்லை.