குரலுக்கு வழிவிட்ட கிட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஸ்டோர் ரூமைக் குடைந்து என் பழைய கிட்டார் ஆம்பை, அந்த ஒலிபெருக்கிப் பெட்டியை, வெளியே இழுத்து வந்தாள். பிளக்கைச் செருகியதும் தூசு சூடாகிற வாசனை வந்தது. அதற்குள் எங்கேயோ ஈயம் உருகிய வாசனையும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் தங்குமா என்று கேட்காதீர்கள், மூக்குக்கு நியாயம் தெரியாது. அவள் தன் கிட்டாரை மாட்டிக் கொஞ்சம் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னப்பா, நடுவுல ஏதோ காணோம்லா. ரிப்பேர் பண்ணிருவோமா?"

"வேணாம்மா, அது அப்படித்தான்" என்றேன்.

அந்த ஆம்பைப் பினாங்கில் எங்கள் கெலுகோர் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் நான்தான் செய்தேன். அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. கால்குலேட்டர் சட்டைப் பையிலேயே இருக்கும். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று அம்மா கேட்டால்கூட அதைத் தட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வேன் என்று வீட்டில் கேலி. நண்பன் சேகர் கல்யாணங்களுக்கு வாசிக்கும் இசைக்குழு வைத்திருந்தான். கிட்டார் அவன், பாட்டு என் அக்கா சாந்தி. அக்காவுக்கு மெல்லிய குரல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொக்கிப்போவோம். மண்டபத்தில் கிட்டார் ஏறியதும் வாயசைவு மட்டும்தான் தெரியும்.

ஓர் ஒத்திகையில் சேகர் சொல்லியே விட்டான். "கோவிச்சுக்காதீங்கக்கா, குரல் கேக்கவே இல்ல. அடுத்த கல்யாணத்துக்குப் பட்டர்வொர்த்லேர்ந்து வேற ஆளக் கூப்புடலாம்னு பாக்குறேன்."

அக்கா மைக்கை மெல்லக் கீழே வைத்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு வாரக் கடைசிப் பாட்டுதான் உயிர்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அவள் மைக்கின் கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, கூட்டுவது. கூட்டினேன். ஸ்பீக்கர் ஊளையிட்டது. மறுபடி கணக்குப் போட்டுக் கூட்டினேன், பக்கத்து வீட்டுப் பூனை ஓடிப்போனது. கணக்குச் சரி, காதுதான் தப்பு என்று வாதாடினேன், பாருங்கள்.

அக்காதான் பொறுக்காமல் கேட்டாள். "ஏன்டா என்னையே கத்த வைக்கிற? தைப்பூசத்துல தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி கத்திக்கிட்டா போவுது? கூட்டம் கொஞ்சம் ஒதுங்கும், அது பாட்டுக்குப் போவும்."

அப்படியானால் கிட்டார்தான் ஒதுங்க வேண்டும். எந்த இடத்தில்? ஒலியைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப், தொழிற்சாலை கழித்துவிட்டது ஒன்று, என்னிடம் இருந்தது. அக்காவை மேல் ஸ்தாயியில் நின்று ஓர் 'ஆ' பாடச் சொன்னேன். பச்சைத் திரையில் அலை எழுந்து நின்றது. பிறந்ததிலிருந்து கேட்ட குரலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஓர் அலைக்கு இரண்டு மில்லி செகண்ட். அப்படியென்றால் செகண்டுக்கு ஐந்நூறு அலைகள்.

அந்த இடத்தில் மட்டும் கிட்டாரைத் தாழ்த்துகிற வடிகட்டி ஒன்றைக் கணக்கிட்டேன். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி, பள்ளியில் வட்டத்துக்குப் படித்தோமே அந்தப் பை, அதன் இரண்டு மடங்காலும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். கையிலிருந்த சாமான்களுக்கு நானூற்று எண்பத்திரண்டு வந்தது, ஐந்நூறுக்குப் பக்கம். போதும். சேகர் வாசிக்கும் அந்த ஆம்புக்குள் ஈயம் உருக்கி அதைப் பற்றவைத்து, வடிகட்டி விழுங்கிய சத்தத்தை ஈடுகட்ட ஆம்பின் கெயினை இரண்டு மடங்காக்கினேன்.

அடுத்த ஒத்திகையில் சேகர் வழக்கமான சத்தத்தில்தான் வாசித்தான். அக்காவும் அதே மெல்லிய குரலில்தான் பாடினாள். ஆனால் கிட்டாருக்கு நடுவே பாதை திறந்து அவள் குரல் நடந்து வந்தது. சேகரின் கை நின்றுவிட்டது.

"இவ்ளோ நாளா எங்கக்கா இருந்தீங்க?" என்றான்.

பட்டர்வொர்த் பேச்சு அதோடு முடிந்தது. காகிதத்தில் போட்ட ஓர் எண் ஒருத்தியின் குரலுக்கு வாசலாகும் என்பதை இன்றைக்கும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது மண்டபங்களில் டிஜே வந்துவிட்டார். சேகர் ஜொகூரில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் மெனக்கெட்ட அந்த வடிகட்டியை மகளின் கைப்பேசி ஒரு தொடுகையில் செய்துவிடும். அக்கா கண்மூடி இரண்டு தைப்பூசம் கடந்துவிட்டது.

வேண்டாம் என்றதும் மகள் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி வாசித்தாள். கிட்டார் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கி வழிவிட்டது. வருவதற்கு அக்காதான் இல்லை.