காந்தா சொன்ன பேர்

போன வாரம் ஒரு கல்லூரியில் என்னை மேடையேற்றினார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனைக் கார் அனுப்பிக் கூட்டிப் போகிறார்கள் என்றால் சும்மா இல்லை. ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற யூனிட் இரண்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஆம்பூருக்கு வந்தால் என் கையைக் குலுக்கிவிட்டுத்தான் தோலைத் தொடுவான். அது இருக்கட்டும். அன்று பேச வந்த பேராசிரியருக்குத் தலைப்பு 'விழிப்பு'. சரித்திரத்தில் விழிப்பு, மதத்தில் விழிப்பு, இலக்கியத்தில் விழிப்பு என்று மூன்று பாகமாகப் பிரித்துக்கொண்டார். மரத்தடியில் உட்கார்ந்து கண் திறந்த ஞானி, தூங்கிக் கிடந்த ஜனங்கள் ஒருநாள் எழுந்து ராஜாவை இறக்கியது, பாட்டுப் பாடிச் சாமியையே எழுப்பும் அடியார்கள் என்று மடை திறந்தாற்போல் பேசினார். நன்றாகத்தான் பேசினார். நான் தூங்கிவிட்டேன்.

சிரிக்காதீர்கள், இனிமேல்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்த பிரின்சிபால் அம்மா பதமாக என் தோளைத் தொட்டு எழுப்பினார். நான் அலறிக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தேன். சால்வை ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம். மைக் என் அலறலை எடுத்து ஹால் முழுக்கக் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு முதுகு நனைந்திருந்தது. விழிப்பதே ஆனந்தம் என்றுதான் அவர் அந்த நேரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கோ மூக்கில் அழுகின முட்டை நாற்றம் வந்து நின்றது.

அந்த நாற்றம் தெரியாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஆளாகியிருக்க முடியாது. விரிஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து நான் ஆம்பூர் டேனரிக்குத் தோல் பதனிடுகிற வேலைக்கு வந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. முதல் வாரம் சோறு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் சோற்றுக்கே அந்த நாற்றம்தான் என்று சமாதானமாகிவிட்டேன். நானும் ஏழுமலையும் ஒரே அறையில் தங்கியிருந்தோம், அவனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும். திமிரி ஊர்க்காரன். என்னைவிடப் பலசாலி என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை.

நாங்கள் இருந்த தெருவில் தூங்குவதற்குத்தான் தட்டுப்பாடு, எழுப்புவதற்கு ஆள் ஜாஸ்தி. ரம்ஜான் மாதத்தில் விடியுமுன் தப்பு தட்டிப் பாடிக்கொண்டு ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்புகிறவர்கள் வருவார்கள். நோன்பு இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற பேதம் அவர்களுக்குக் கிடையாது. மார்கழி என்றால் கோயில் குழாய் ஸ்பீக்கர். மைதானத்தில் எழுப்புதல் கூட்டம் போட்டால் போதகர், தூங்குகிறவனே எழுந்திரு என்று தொண்டை கட்டும்வரை கூப்பிடுவார். சங்கத்துக்காரர்கள் கேட் வாசலில் நின்று, உறங்கியது போதும் தோழா என்பார்கள். இத்தனை பேருக்கும் மேலே டேனரி சங்கு. பேராசிரியருடைய மூன்று பாகமும் எங்கள் ஒரே தெருவில் இருந்தது என்று எழுந்து சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் தூங்கிவிட்டேனே.

மேஸ்திரி பாஷா பாய் மட்டும் வேறு மாதிரி எழுப்புகிறவர். கழிவுத் தொட்டியில் சகதி வாற ஆள் இறங்கினால், இடுப்பில் கயிறு கட்டி, மேலே நின்று விடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கீழே இருக்கிறவன் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டப்பேர் கூடாது. டேனரியில் எல்லோருக்கும் பட்டப்பேர் உண்டு, ஆனால் தொட்டிக்குள் போனவனுக்கு அம்மா வைத்த பேர்தான். மயங்குகிறவன் காதில் கடைசியாக ஏறுவது அதுதான் என்பது அவர் கணக்கு. இன்னொன்றும் சொல்வார்.

"நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயம் இல்ல. நாத்தம் நின்னுடுச்சின்னா மேல வந்துடணும், இன்னா?"

கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். அதுதான் நிஜம். தொட்டியில் கிளம்புகிற விஷ வாயு முதலில் கொல்வது மூக்கை.

ஒரு ரம்ஜான் மாதத்து மத்தியானம் நானும் ஏழுமலையும் இறங்கினோம். முழங்கால் வரை சகதி. நான் ஏணிப் பக்கம், அவன் மூலையில். பாய் மேலிருந்து மாறி மாறி எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பு லேசாயிற்று. வேலை சுளுவாகிவிட்டது போல இருந்தது. கெட்டிக்காரன் அல்லவா, மேலே பார்த்துச் சொன்னேன்.

"பாய், நாத்தமே இல்ல பாய். மல்லிப்பூ மாரி இருக்குது."

அவர் முகம் மாறினது வரைக்கும்தான் ஞாபகம்.

அதற்குப் பிறகு வந்ததைத்தான் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயமே இல்லை. பசி இல்லை, ஊர் இல்லை, கடன் இல்லை. தாய் மடியில் இப்படித் தூங்கியிருப்பேனா தெரியாது. எங்கேயோ தூரத்தில் யாரோ என் பேரைச் சொல்கிறார்கள். போடா என்று மனசு சொல்கிறது. அந்தப் 'போடா'வை நினைத்தால்தான் இன்றைக்கும் நடுங்குகிறது.

பாய் கன்னத்தில் விட்ட அறையில் கண் திறந்தேன். மண்ணில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்தில் ஏழுமலை. இடுப்புக் கயிற்றைப் பிடித்து அவனையும் இழுத்துவிட்டிருந்தார்கள். மூச்சு நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. உதடு நீலம். வண்டி கொண்டுவர ஒருத்தன் ஓடியிருந்தான். பாய் நோன்பு வாயோடு கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. ஏழுமலை, ஏழுமலை என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். கண் இமை அசையவில்லை.

அவன் பெண்சாதி காந்தாவும் அதே டேனரியில்தான் தோல் காயப்போடும் வேலை. ஓடிவந்து அவன் தலைமாட்டில் விழுந்தாள். "இந்தா, இந்தாய்யா" என்று தோளை உலுக்கினாள். அவன் கிடந்தான். "ஏந்திரு மாமா" என்றாள். கிடந்தான்.

பாய் அவள் பக்கத்தில் குத்த வைத்தார். "பேரைச் சொல்லு பேட்டி, என் மவளே. உன் குரலு கேட்டா வருவான்."

அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நெருப்பில் கை வை என்று சொன்னால் அப்படித்தான் பார்ப்பார்கள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஊட்டி வளர்த்த காலம் அது. மளிகைக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் புருஷன் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். காந்தா, திருப்பதி மலையைக்கூட ஏழுமலை என்று சொல்ல மாட்டாள், பெரிய மலை என்பாள். நாங்கள் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்திருக்கிறோம். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சொன்னால் ஆயுசு போகும். சொல்லாவிட்டால் இதோ போய்க்கொண்டிருக்கிறது.

"வேணாம் பாய். நீங்களே கூப்புடுங்க பாய்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை திறந்து மூடினாள். மூன்றாம் தடவை அவன் காதில் வாயை வைத்து, மெதுவாக, களவுப் பொருளைக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"ஏழுமலை."

பிறகு சத்தமாகச் சொன்னாள். பிறகு நிறுத்தவே இல்லை. அத்தனை வருஷமும் வாய்க்குள் அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. அவன் இமை துடித்தது. இருமினான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அழுவான், கும்பிடுவான் என்று நினைத்தேன்.

"சொகமா தூங்கினு இருந்தேன். ஏன்டி எழுப்புன?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள், பாய்கூட. நான் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளிக்காற்றுதான் எழுப்பியது, பேரெல்லாம் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். இருக்கலாம். அவர் படித்தவர். காந்தாவிடம் அதை யார் சொல்வது? அன்றிலிருந்து அவள் அவன் தூங்கும்போது நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். அவன் சலித்துக்கொள்வான். ஏழுமலை அதற்கப்புறம் தொட்டியில் இறங்கவில்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்தான், பேரன் எடுத்தான், அப்புறம்தான் மூச்சு வாங்கிச் செத்தான். சாவுக்குப் போனேன். காந்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நான் அன்னைக்குப் பேரு சொல்லாம இருந்திருந்தா இன்னும் எத்தினி வருசம் இருந்திருப்பாருண்ணா?"

எந்த ஊர் வியாபாரி எது கேட்டாலும் மடக்கிப் பதில் சொல்கிறவன் நான். அவளிடம், பாடை கட்டப் போகிறேன் என்று சொல்லி நழுவினேன்.

இப்போது அந்தத் தொட்டியை மூடி மேலே குடோன் கட்டிவிட்டார்கள். சங்கு நின்று வெகுகாலம். ஸஹருக்குத் தப்பு தட்டுகிறவர்களும் குறைந்துபோனார்கள், அவரவர் போனே எழுப்பிவிடுகிறது. பாஷா பாய் இல்லை. காந்தா கலவை ஊரில் மகள் வீட்டில் இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தாள். என் பெண்சாதி கடைசிவரை என் பேரைச் சொல்லாமலேயே போனாள். அதில் எனக்கு அந்தக் காலத்தில் ஒரு பெருமை.

பிள்ளைகளுக்கு நான் அப்பா. யூனிட்டில் முதலாளி. பேங்கில் சார். கல்லூரியில் ஐயா. யூனிட் வாசலில் என் பேர் ஆளுயர எழுத்தில் இருக்கிறது, ராத்திரியில் விளக்கும் எரியும். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்ட வாய் ஒன்றுகூட மிச்சமில்லை. முதலாளி என்று கூப்பிட்டால் அந்த ஆழத்திலிருந்து நான் திரும்பி வருவேனா? படுக்கப் போகும்போதெல்லாம் அதுதான் யோசனை.