அதே ஃபைலைத்தான் அனுப்புவோம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்குச் சென்னையிலிருந்து வந்த போனை வைத்தபோது இரண்டு காதும் கொதித்தன.

"மேடம், உங்க பாட்டுல பாதிக்கு ஃபார்மேட் சரியில்ல. எல்லாமே ஒரே மாதிரி வேவ் ஃபைலா, இருபத்துநாலு பிட்ல வேணும். அப்படி இருந்தாதான் ஏத்த முடியும்" என்றார் அந்த ஆள். எங்கள் பாட்டுகளைப் போனில் கேட்கிற ஆப்களில் ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியில் ஒலி வேலை பார்ப்பவர். பேச்சில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அதனாலேயே எரிச்சல் கூடியது. திட்டவும் வழியில்லை பாருங்கள்.

நாங்கள் தென்காசிப் பக்கத்து பேண்டு. கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். சினிமாப் பாட்டு கேட்பார்கள், பாடுவோம். நடுவே எங்கள் சொந்தப் பாட்டையும் நைசாக நுழைத்துவிடுவோம். நான் கீபோர்டு; மற்ற நேரத்தில் மேலகரத்தில் ஜெராக்ஸ் கடை. டிரம்ஸ் வாசிக்கிற அண்ணாச்சிக்குப் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. பாடுகிறவள் என் கல்லூரிச் சிநேகிதி, வாசுதேவநல்லூரில் டீச்சர். எங்கள் பேண்டு இந்த மூன்று பேர்தான்.

பாட்டுகள் கிடந்த கோலத்தை என்னவென்று சொல்ல! ஸ்டூடியோவில் எடுத்த நல்ல வேவ் ஃபைல்கள் கொஞ்சம். கொடையில் சவுண்டு சர்வீஸ்காரர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த எம்பி3 கொஞ்சம். மிச்சமெல்லாம் போனில் பதிந்து, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பி நசுங்கிப்போனவை. எம்பி3 ஆனாலும் வாட்ஸ்அப் ஆனாலும் சுருக்கும்போது சத்தத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள்; வேவில் எதுவும் போகாது. கழித்தது கழித்ததுதான், திரும்பி வராது.

"பாதிய எங்கிட்ட குடும்மா, நான் மாத்தித் தாரேன்" என்றார் அண்ணாச்சி. கொடுத்தேன். மறுநாளே அத்தனையையும் நேரே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். கம்பெனிக்காரர் அப்படியே திருப்பி அடித்தார். திறந்து பார்த்தால், மனிதர் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் இருந்த எம்பி3 என்பதை அழித்துவிட்டு வேவ் என்று டைப் செய்து வைத்திருக்கிறார்!

"என்ன அண்ணாச்சி பண்ணி வச்சிருக்கிய?"

"நீதானம்மா வேவ்னு மாத்தச் சொன்ன? மண்டில சாக்குமேல மார்க்கை மாத்தி எழுதினா கேரளா லோடு மெட்ராஸ் லோடு ஆயிருதுல்லா. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"சாறு பிழிஞ்ச சக்கையப் பெரிய சாக்குல கட்டினா சாறு வந்துருமா?"

"வராது." தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப உன் கம்ப்யூட்டர் மாத்துதே, அது மட்டும் சாறு கொண்டாருமாக்கும்?" என்றார்.

கொண்டுவராதுதான். எம்பி3யை வேவாக மாற்றினால் ஃபைல் கனக்கும், பாட்டு தெளியாது. ஆகவே முதலில் பதிந்த மூலத்தையே தேட வேண்டும். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டுப் பழைய லேப்டாப்பைக் குடைந்தேன். சிடிகளைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். "ஏட்டி, போட்டோ காப்பி எடுக்கியா, பாட்டுக் கச்சேரி நடத்துதியா?" என்று ஓர் ஆச்சி சண்டைக்கே வந்துவிட்டாள். எப்படியோ ஒவ்வொன்றாகச் சிக்கியது. எல்லாவற்றையும் ஒரே ஃபார்மேட்டுக்குக் கொண்டுவந்தேன், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுதான் எங்கள் சாரல் பாட்டு. எந்த மேடையிலும் ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்கிற ஒரே சொந்தப் பாட்டு. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, கொடை இல்லாத நாளெல்லாம் எங்களுக்கு லீவு. குற்றாலத்தில் அதுதான் சீசன். ஐந்தருவி போகிற வழியில் அண்ணாச்சியின் மச்சானுக்கு ஒரு தோட்டம், அதில் ஒரு தகர ஷெட். ஓர் ஆடியில் அங்கே வைத்துச் சிநேகிதி பாட, என் போனில் பதிந்தேன். அன்று சாயங்காலமே குளிக்கப் போன இடத்தில் போன் அருவித் தண்ணீரோடு போய்விட்டது. போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும் மிஞ்சியது.

திரும்பப் பாடிவிட்டால் போகிறது என்பீர்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் இறங்கிவிட்டது, மேலே போனால் உடைந்தது. சர்ச் பாடகர் குழுவில் அவளைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று நாங்களும் மேடைக்குக் கூப்பிடாமல் இருந்தோம். பாட்டில்லாமல் வெறும் வாத்தியம் வாசித்து ஒப்பேற்றினோம்.

சென்னைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன மேடம், வேற பொண்ண வச்சுப் பாடிரலாம். இல்லேன்னா அவங்க பழைய பாட்டெல்லாம் இருக்கே, அதை வச்சு ஏஐல அவங்க குரலையே செஞ்சுரலாம். வித்தியாசமே தெரியாது" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது சார். எங்களுக்குத் தெரியும். ஏஐயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நசுங்கின ஃபைலையே ஏத்துங்க. ஏத்தலேன்னா ஒரு பாட்டும் கிடையாது" என்று கத்திவிட்டு வைத்தேன். கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அந்தச் சூட்டோடு வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் போட்ட சண்டையை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"ஏட்டி, நீயும் அந்த ஆளும் ஒண்ணுதான்."

"என்னட்டி சொல்லுத?"

"அவன் என் பழைய குரலைப் புதுசா செய்யணும்ங்கான். நீ அது நசுங்கினதாவது இருக்கட்டும்ங்குத. நான் இங்கன உயிரோடதான உக்காந்திருக்கேன்? இப்ப பாடுதியான்னு ஒருத்தராவது எங்கிட்ட கேட்டியளா?"

எனக்கு மறுபடியும் காது சுட்டது. கோபப்பட ஆள்தான் இல்லை. "மேல போனா உடையுதேட்டி" என்று மெல்ல இழுத்தேன்.

"உடையட்டும். என் தொண்டைதான? இதை வச்சுத்தான் தெனமும் பாடம் நடத்துதேன். பிள்ளைக கேக்கத்தான செய்யுது."

சென்னைக்காரரை ஆடி வரை பொறுக்கச் சொன்னேன். ஆடி வந்தது. அதே ஷெட்டுக்குப் போனோம். இந்த முறை நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கினோம். ரெக்கார்டரில் வேவ், இருபத்துநாலு பிட் என்று வைத்துவிட்டு, அண்ணாச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "சாக்கு சரியா இருக்கு" என்றார். தகரத்தின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டில் சுற்றுலா வேன்கள் ஹாரன் அடித்தன. நான் சுருதியை நன்றாக இறக்கினேன்.

"ரொம்ப இறக்காத" என்றாள். "கொஞ்சம் எட்டிப் பிடிக்குத மாதிரி இருக்கட்டும்."

பாடினாள். பழைய குரல் இல்லை. கனமாக, கொஞ்சம் சொரசொரப்பாக, அந்தப் பாட்டை முன்பு அவள் பாடியே இராத மாதிரி இருந்தது. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்துவாள் என்று நினைத்து விரலை எடுக்கப் போனேன். அவள் உடைந்த குரலோடேயே அந்த வரியை முடித்து, அடுத்த வரிக்குப் போனாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை, கைப்பழக்கத்தில் வாசித்தேன்.

முடிந்ததும், "இன்னொரு தடவை எடுப்போமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பாட்டு முழுசும் பாடியாச்சுல்லா?"

எல்லாப் பாட்டையும் ஒரே ஃபார்மேட்டில் அனுப்பிவைத்தேன். பதில் வந்த அன்று சனிக்கிழமை, அவளும் கடையில் இருந்தாள். ஃபார்மேட் எல்லாம் சரி, சாரல் பாட்டில் மட்டும் சரணத்தில் ஓரிடத்தில் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது, சரிபார்த்து வேறு அனுப்பவும் என்று சென்னைக்காரர் எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு, கவுண்டரில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"ஃபைல் கெடவில்லை. அது பாடியவருடைய குரல்" என்று பதில் அடித்தேன்.

அப்படியானால் மென்பொருளில் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாமா என்று உடனே கேட்டார்.

அவள் சிரிப்பு நின்றது. நான் நறுக்கென்று நாலு வார்த்தை எழுத விசைப்பலகையில் கை வைத்தேன்.

"தள்ளுட்டி" என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஃபைலை மறுபடியும் இணைத்தாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அனுப்பிவிட்டாள்.