அத்தையின் வலது காது

புதிதாக வெட்டிய ஈரச் செம்மண்ணின் வாசனை மூக்கில் ஏறினால், பேரன் பேத்தி எடுத்த இந்த வயதிலும் எனக்கு மூச்சு முட்டும். ஓசூர்ப் பக்கம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டாத தெருவே இல்லை. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் பார்த்தபடி நடப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஐம்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, மத்திகிரி தாண்டித் தளிக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் ஊரில், சுடுகாட்டுப் பேய்க்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. எனக்குப் பேயை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அது என் அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா; புருஷன் போனபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்குக் காக்காய் வலிப்பு. இளம்வயதில் ஒருமுறை வலிப்பு வந்து விடியலில் விழுந்தவள், சாயங்காலம் பால் கறக்கும் நேரம்வரை கட்டையாகக் கிடந்தாளாம். பெண்கள் மாரடித்து அழத் தொடங்கியபோது எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாளாம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. "குழியில போட்டு மண்ணைத் தள்ளிட்டீங்கன்னா, உள்ள முழிச்சிக்கினு நான் யாரடி கூப்புடுவேன்?" என்று, பக்கத்தில் படுத்திருக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பாவி, கேட்டுவிட்டு அவள் தூங்கிவிடுவாள், நான் போர்வைக்குள் மண் விழுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

எங்கள் ஜனத்தில் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் பாதி வழியில் பாடையை ஒரு கல்மேடையில் இறக்கி வைத்து, நெருங்கிய உறவுக்காரர் காதில் வாய் வைத்து மூன்று தரம் கூப்பிடுவார். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுந்துகொள்ளட்டும் என்று. நாங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் அந்த இடத்துக்குத் "திம்புடு கள்ளம்", அதாவது இறக்கி வைக்கும் களம், என்று பெயர். அத்தைக்கு இருந்த ஒரே தைரியம் அந்த மூன்று கூப்பாடுதான். ஆனால் அதிலும் ஒரு சங்கடம். வலிப்பில் அடுப்புமேல் விழுந்து அடிபட்டதிலிருந்து அவளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. "வலிப்புக்காரின்னு ஏற்கெனவே மூஞ்சி சுளிக்கறாங்க, செவிடுன்னும் சொல்லணுமா?" என்று யாரிடமும் அவள் சொல்லவில்லை. கூடப் படுக்கிற எனக்கு மட்டும் தெரியும்.

கேழ்வரகு கதிர் வாங்கும் நாளில், ஒரு விடியற்காலை, அத்தை மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தாள். மூச்சில்லை என்றார்கள். வெயில் ஏறுமுன் எடுத்துவிட்டார்கள். ஊர் எல்லையில் பெண்கள் நின்றுவிட வேண்டும்; அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். கல்மேடையின் ஒரு பக்கம் கள்ளிவேலி, ஆள் நிற்க இடமில்லை என்பது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. அப்பா எந்தப் பக்கம் நின்று கூப்பிடுவார்? அம்மாவின் கையைக் கடித்துவிட்டு ஓடினேன்.

கேழ்வரகுக் கொல்லை வழியாக விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அப்பா மூன்றாவது தரம் "அக்கா" என்று கூப்பிட்டு முடித்து நிமிர்ந்தார். இடது பக்கம்! ஆட்கள் பாடையைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள்.

"நாய்னா, அந்தக் காது கேக்காது! அத்தைக்கு அந்தக் காது செவிடு!"

"பொட்டப்புள்ளைய யாருடா இங்க வுட்டது?" என்று பங்காளிப் பெரியப்பா ஒருவர் கையை ஓங்கினார். ஒருமுறை தூக்கிய பாடையை மறுபடி கீழே வைக்கக்கூடாது, ஊருக்கு ஆகாது என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அப்பா என்னையே பார்த்தார். நான் வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

"எறக்குங்க" என்றார்.

"டேய், வேணாண்டா" என்றான் பாடை தூக்கியவர்களில் ஒருவன்.

"எங்கக்காடா அது. எறக்குங்கடா!"

பாடையைத் திருப்பி வைத்தார்கள். அப்பா வலது காதில் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. அத்தையின் இமையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுந்திரு அத்தை, எழுந்திருடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் எழவில்லை. அப்பா மூன்றோடு நிறுத்தவில்லை, குரல் கம்மும்வரை கூப்பிட்டார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "பால் கறக்கிற நேரம் வரைக்கும் பாக்கறேன். அவசரமா இருக்கறவன் வீட்டுக்குப் போ." பாதிப் பேர் போய்விட்டார்கள். குழி வெட்டியவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். என்னைத் துரத்த யாருக்கும் தோன்றவில்லை. நான் ஈ ஓட்டினேன். பொழுது சாயும்போது அத்தையின் வயிறு உப்பத் தொடங்கியது. அப்பா அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தார், விறைத்திருந்தது. "போயிட்டாம்மா" என்று என்னிடம்தான் முதலில் சொன்னார். அப்புறம்தான் அழுதார்.

இன்று அந்தக் கல்மேடை இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் மதில் ஓடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி நேராகச் சுடுகாட்டுக்கே போய்விடுகிறது, நடுவில் எங்கும் நிற்பதில்லை. டாக்டர் மெஷின் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார், தப்பாகாது என்கிறார்கள். நானும் சரி என்கிறேன்.

போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது மகனிடம் கேட்டேன், "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரு பொழுது வெச்சிருந்து பாப்பியாடா?" என்று. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவன், "லீவு கெடைக்கணுமேம்மா" என்றான்.